பழைய மினி டீவி (MiniDV) கசெற் வீடியோவை டீஇன்டர்லேஸ் செய்யவேண்டுமா?

கலியாணவீட்டுக் கசெற்றைக் கொம்பியூட்டரில் ஏற்றினால், ஆட்கள் அசையும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல்லுப்போலத் தெரிகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கிளிநொச்சியில் எனக்கு இதுதான் வேலை. கசெற்றிலிருந்து இறக்கிய மூலப் பைலில் கை வைக்காதீர்கள். ஃபோனுக்கும் யூரியூப்புக்கும் எடுக்கும் கொப்பியை மட்டும் டீஇன்டர்லேஸ் (அந்தப் பல்லை நீக்குவது) செய்யுங்கள்.

இங்கே பாவித்த கமராக்கள் பால் (PAL) என்ற ரீவி முறை. செக்கனுக்கு 25 படம் என்பார்கள். ஆனால் ஒவ்வொரு படமும் இரண்டு பாதி: ஒற்றைக் கோடுகள் ஒன்று, இரட்டைக் கோடுகள் மற்றது. ஒரு பாதி மற்றதைவிடச் செக்கனில் 50இல் ஒரு பங்கு பிந்தி எடுபட்டது. பழைய குழாய் ரீவி ஒவ்வொரு பாதியாகவே காட்டியது. இப்போதைய திரை இரண்டையும் ஒன்றாகப் போடுவதால்தான் அந்தப் பல்.

ஆகவே கசெற்றில் இருப்பது செக்கனுக்கு 50 அசைவு. பலர் கவனிக்காதது இதைத்தான். 25 ஆக்கினால் பாதி அசைவு போய்விடும். தாலி கட்டும் காட்சியில் அது பெரிதாகத் தெரியாது. வற்றாப்பளைக் கோயில் பொங்கலில் தூக்குக்காவடி ஆடிவருவதை 50இலும் 25இலும் பார்த்தால் விளங்கும், 25இல் இழுத்து இழுத்துத்தான் வரும். ஹான்ட்பிரேக் (HandBrake) என்ற மென்பொருளில் டீஇன்டர்லேஸுக்கு யாடிஃப் (Yadif) எடுத்து, ஒவ்வொரு பாதியையும் தனிப்படமாக்கும் பொப் (Bob) என்பதைத் தெரிவுசெய்து, பிரேம் ரேட்டை 50 என்று வையுங்கள். இரண்டு பாதியையும் கலக்கும் பிளென்ட் வேண்டாம், ஆட்களுக்குப் பின்னால் ஆவிபோல இன்னொரு உருவம் வரும்.

யூரியூப்பில் ஒரு சிக்கல் உண்டு. உயரம் 720க்குக் குறைந்தால் அது 50ஐத் தராது. உங்கள் பைல் 576 கோடுதான். அதனால் 960க்கு 720 ஆகப் பெருப்பித்து ஏற்றுங்கள். ஆனால் முதலில் டீஇன்டர்லேஸ், பிறகுதான் பெருப்பிப்பது. மாறிச் செய்தால் கோடுகள் ஒன்றோடொன்று குழம்பி, பிறகு எதுவும் செய்யமுடியாது.

எல்லாப் பைலுக்கும் இது தேவையில்லை. விஎல்சி (VLC) பிளேயரில் டீஇன்டர்லேஸை நிறுத்திவிட்டு, அசைவு உள்ள இடத்தில் ஈ (E) விசையைத் தட்டி ஒவ்வொரு படமாகப் பாருங்கள். பல் இல்லையா, சரி, அப்படியே விடுங்கள்.

மூலப் பைல் மணித்தியாலத்துக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். இடம் இல்லையென்று அழிக்கவேண்டாம். 2009 இடப்பெயர்வில் அல்பமே மிஞ்சாத வீடுகள் வன்னியில் நிறைய. வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு அனுப்பிய கசெற் ஒன்றுதான் சிலருக்கு இருக்கிறது. டீஇன்டர்லேஸ் செய்ததைத் திரும்பப் பழையபடி ஆக்கமுடியாது. நாளைக்கு இதைவிட நல்ல மென்பொருள் வந்தால் மூலத்திலிருந்துதான் தொடங்கவேண்டும்.

செய்து முடித்தபின் அசைவு முன்னுக்கும் பின்னுக்குமாக உதறினால், பாதிகளின் வரிசை பிழை. மினி டீவியில் கீழ்ப்பாதி, அதாவது இரட்டைக் கோடுகள் உள்ள பாதிதான் முதலில் வரும். அதை மாற்றிவிட்டுத் திரும்ப ஓடவிடுங்கள்.