குளிர்வண்டியில் சென்சார்: போட்ட காசு திரும்புமா?

கேள்வி: நாலு ஐஸ்கிரீம் வண்டி ஓடுகிறது. எல்லாவற்றிலும் வெப்பநிலையை உடனுக்குடன் போனுக்கு அனுப்பும், சிம் போட்ட நேரலைக் கருவி மாட்டச் சொல்கிறார்கள். தேவையா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் ஆறு மாத ரிட்டர்ன் கணக்கை எடுங்கள். உருகித் திரும்பிய சரக்கு வழியில் கெட்டதா, ஏற்றும்போதே கெட்டதா? இது தெரிய இரண்டு சாதா டேட்டா லாக்கர் (வெப்பநிலையைப் பதிந்து சேமிக்கும் சிறு கருவி) போதும். ஒன்றைக் கதவோரமும் மற்றதைப் பெட்டிகளுக்கு நடுவிலும் வைத்து, 5 நிமிடத்துக்கு ஒரு பதிவாக இரண்டு வாரம் ஓட்டுங்கள். வண்டியை முன்கூட்டிக் குளிரவைக்காமல், கதவை அகலத் திறந்துவைத்து லோடு ஏற்றுவதுதான் பல இடங்களில் கோளாறு. அதற்குச் சிம் வேண்டாம், கதவுக்குப் பிளாஸ்டிக் திரை போடுங்கள்.

நடுவழியில் குளிரூட்டும் மெஷின் நின்றால் மாற்று வண்டி அனுப்ப உங்களால் முடியுமா? முடிந்தால் நேரலை லாபம். ராத்திரி 2 மணிக்கு அலாரம் வந்தால் போனை எடுக்க ஆளில்லை என்றால் சந்தா வீண். வண்டிக்கு மாதம் 1,000 ரூபாய் சந்தா என்று வைத்தாலே, நாலு வண்டிக்கு 3 ஆண்டில் 1,44,000 ரூபாய். கருவி விலையும் ஆண்டுதோறும் கேலிப்ரேஷன் (அளவு சரிபார்ப்பு) செலவும் தனி. உருகி வீணாகும் சரக்கின் மதிப்பு இதைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மைனஸ் 18 கோல்டு ரூமில் தினம் நாலு முறை அலாரம். சரக்கு மட்டும் கல்லாக இருக்கிறது.

பதில்: அது டிஃப்ராஸ்ட். குளிரூட்டும் குழாய்ச் சுருளான காயிலில் படிந்த பனியை உருக்க ஹீட்டர் ஓடும்போது காற்றுதான் சூடாகிறது, சரக்கு அல்ல. அலாரம் நேரமும் டிஃப்ராஸ்ட் நேரமும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்தால் சென்சாரைக் காயில் பக்கத்திலிருந்து நகர்த்தி, முனையைக் கிளைகால் (எளிதில் உறையாத திரவம்) நிரப்பிய சிறு புட்டிக்குள் வையுங்கள். அலாரத்துக்கு டிஃப்ராஸ்ட் முடிந்து அறை பழைய நிலைக்கு வரும்வரை தாமதம் கொடுங்கள். தயவுசெய்து அலாரத்தை அணைக்காதீர்கள். உண்மையிலேயே கம்ப்ரசர் நிற்கும் நாளில் யாருக்கும் தெரியாமல் போகும்.

கேள்வி: சென்சாரை நாமே சரிபார்க்கலாமா?

பதில்: டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், இடைவெளி நிரம்பும் அளவுக்குக் குடிதண்ணீர். கலக்கி 5 நிமிடம் விடுங்கள். முனை டம்ளரைத் தொடாமல் நடுவில் நிற்க, 0 டிகிரி காட்ட வேண்டும். அரை டிகிரிக்கு மேல் பிசகினால் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். உப்பு பட்ட ஐஸ் கூடாது, 0-க்குக் கீழே இறங்கிவிடும்.

கேள்வி: ஐரோப்பாவுக்கு உறைந்த இறால் அனுப்புகிறோம். வெப்பநிலையைக் கையால் எழுதும் ரெஜிஸ்டர் போதாதா?

பதில்: போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 37/2005 விதி, உறைந்த உணவுக்கு வண்டியிலும் கிடங்கிலும் கருவிப் பதிவு கேட்கிறது. அதைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். ரீஃபர் (குளிரூட்டும்) கன்டெய்னரே தன் பதிவை வைத்துக்கொள்ளும். உங்கள் கிடங்குக்கும், அங்கிருந்து கன்டெய்னருக்குள் சரக்கு ஏறும் வரைக்கும் லாக்கருக்குச் செலவு செய்யுங்கள். எல்லா லாக்கரிலும் கடிகாரம் ஒரே நேரம் காட்டட்டும். 20 நிமிடம் முன்பின் இருந்தால், சரக்கு யார் கையில் சூடேறியது என்று வாங்குபவரிடம் நிரூபிக்க முடியாது.