காதலைப் பற்றிச் சில கேள்விகள்: டீச்சர் பதில்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். காதல், அன்பு பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

டீச்சர், என் அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். பெயர் சொல்லிக்கூட ஒருவரை ஒருவர் கூப்பிட்டதில்லை. அவர்களுக்குள் காதல் இருந்திருக்குமா?

லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நான் பார்த்தது இது. விடிவதற்கு முன்னால் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போவார்கள். தன் நிரையை, அதாவது தனக்கு ஒதுக்கிய மர வரிசையை, முதலில் முடித்தவர் மற்றவருடைய நிரைக்குப் போய்ப் பால் எடுத்துக் கொடுப்பார். நிறைந்த வாளியை வாங்கிக்கொண்டே "பசியாறிட்டியா?" என்பார். அவ்வளவுதான் பேச்சு. பெயர் சொல்லாததைக் குறையாக நினைக்காதே தம்பி. காதலைப் பாடும் அகப்பாட்டில் தலைவன் பெயரையோ தலைவி பெயரையோ சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. ஆனால் பேசாத வீட்டிலெல்லாம் காதல் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அடியும் குடியும் மண்டிய வீடுகளிலும் அதே மௌனம்தான் இருந்தது. அம்மா இருக்கிறார் என்றால் அவரிடமே கேள்.

ஒரு பெண்ணுக்குப் பல மாதமாக மெசேஜ் அனுப்புகிறேன். வேண்டாம் என்கிறாள். விடாமல் முயன்றால் மனம் மாறுமா? சினிமாவில் மாறுகிறார்களே.

நிறுத்திவிடு தம்பி, இன்றைக்கே. ஒருதலைக் காதலைக் கைக்கிளை என்று பெயரிட்டு, இருவரும் விரும்பும் ஐந்திணைக்கு வெளியே வைத்தார்கள் நம் முன்னோர். உன் வலி பொய் என்று நான் சொல்லவில்லை. காதல் கைகூடாமல், பனைமடலால் செய்த குதிரையேறி ஊர் நடுவே நின்ற ஆண்களைப் பற்றியும் பாட்டு இருக்கிறது. ஆனால் இந்தக் காலத்தில் வேண்டாம் என்றவளைத் துரத்தினால் அவளுக்குப் பயம்தான் மிஞ்சும். 2023 முதல் மலேசியாவில் இப்படித் தொடர்ந்து தொல்லை கொடுப்பது குற்றம், மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம்.

தமிழர்களுக்குக் காதலர் தினம் தேவையா?

பிடித்தவர்கள் கொண்டாடட்டும். ரோஜா வாங்கிக் கொடுத்து எந்தப் பண்பாடும் கெட்டுப்போகாது.

என் மகளுக்கு 20 வயது. வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். நம் பழைய நூல்கள் இதை ஒப்புக்கொள்ளுமா? வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை, டீச்சர்.

உங்கள் மனம் படும் பாடு புரிகிறது அம்மா. குறுந்தொகையின் 40ஆம் பாட்டில், "என் தாயும் உன் தாயும் யார் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவு?" என்றுதான் தலைவன் தொடங்குகிறான். உறவு, முறை எதுவும் இல்லாமலேயே செம்மண்ணில் விழுந்த மழைநீராய் நெஞ்சம் கலந்துவிட்டது என்கிறான்.

உங்களைப் போன்ற தாய்க்கும் ஒரு பாட்டு உண்டு. கலித்தொகையில், காதலனோடு போய்விட்ட பெண்ணைத் தேடி வளர்ப்புத் தாய் பாலைவழியில் அலைகிறாள். எதிரே வந்த அந்தணர்கள் அவளைத் திட்டவில்லை. "சந்தனம் பூசிக்கொள்பவருக்குத்தான் பயன்படும், மலையிலே பிறந்தாலும் மலைக்கு அது என்ன செய்யும்?" என்று கேட்டு ஆறுதல் சொல்கிறார்கள். முத்தையும் கடலையும் வைத்து அதையே மறுபடி சொல்கிறார்கள். ஓடிப்போன பெண்ணைப் பழிக்காத பாட்டு அது.

நடைமுறையும் சொல்லிவிடுகிறேன். 1976 திருமணச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர் 21 வயதுக்குள் பதிவுத் திருமணம் செய்ய பெற்றோர் சம்மதம் வேண்டும். உங்கள் மகளுக்கு அந்த வயது வந்துவிட்டால் உங்கள் கையெழுத்து தேவைப்படாது. அதற்குள் அந்தப் பையனை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசுங்கள். சாதியைக் கேட்காதீர்கள், வேலை, குடி, கோபம் எப்படி என்று பாருங்கள்.

மனைவி என்னிடம், "ஒருநாளாவது வாய்விட்டுச் சொன்னீங்களா?" என்கிறாள். இந்த வயதில் கூச்சமாக இருக்கிறது.

சொல்லுங்கள் ஐயா. வள்ளுவரே 250 குறளில் காதலைப் பேசவிட்டிருக்கிறார். அதில் ஒருவன், "இந்தப் பிறவியில் பிரிய மாட்டோம்" என்கிறான். அப்படியானால் அடுத்த பிறவியில் பிரிவோமா என்று அவள் கண் நிறைந்துவிடுகிறது. சொல் தவறலாம், பரவாயில்லை. சொன்னதும் கூச்சத்தில் எழுந்து போய்விடாமல் பக்கத்திலேயே உட்காருங்கள். அவருக்கும் சொல்ல நிறைய இருக்கும்.