ஊருக்கு மருத்துவ முகாம் போகிறவர்கள் கேட்ட கேள்விகள்

நான் செவிலியர். வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டே, பிறந்த நாட்டுக்கு மருத்துவக் குழுக்களோடு பதினோரு தடவை போய் வந்திருக்கிறேன். இளைஞர்களுக்காக இரண்டு திட்டங்கள் தொடங்கினோம், ஒன்று ஓடுகிறது, இன்னொன்று படுத்துவிட்டது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

அக்கா, இங்கே வீடு வீடாகக் கேட்டாலே இரண்டு பெட்டி மாத்திரை சேர்ந்துவிடும். கொண்டு போகலாமா?

வேண்டாம். யாரோ பாதி சாப்பிட்டு மீதி வைத்த அட்டை, கிளினிக்கில் சும்மா கொடுத்த சாம்பிள், இதெல்லாம் நன்கொடை கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 1996லேயே இதற்கு வழிகாட்டி போட்டுவிட்டது: போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடமாவது இருக்க வேண்டும், கம்பெனிப் பெயர் மட்டும் போதாது, மருந்தின் பொதுப்பெயரும் அங்குள்ளவர்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், முக்கியமாக அவர்கள் கேட்ட மருந்தாக இருக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் இருபது லட்சத்துக்கும் குறைவான மக்களுக்கு 4,000 டன் மருந்து வந்து இறங்கியது. அதில் பெரும்பகுதி உள்ளூரில் யாராலும் படிக்க முடியாத லேபிளோடு வந்தது, சுமார் 600 டன்னை அழிக்க வேண்டியதாகிவிட்டது. வீடு இழந்தவர்களுக்கு நாம் கொடுத்த கூடுதல் வேலை அது! பணமாக அனுப்பி, அங்கேயே, அங்கே பழக்கத்தில் இருக்கிற மருந்தாக வாங்கச் சொல்லுங்கள்.

எங்கள் சங்கம் ஐந்து நாளில் 1,500 பேரைப் பார்த்தது. நல்ல முகாம்தானே?

எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்பதை விட, அந்த 1,500 பேரில் எத்தனை பேரை ஆறு மாதம் கழித்து யாராவது மறுபடி பார்த்தார்கள் என்று சொல்லுங்கள், அப்புறம் நல்ல முகாமா என்று பேசலாம்.

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, நாங்களே செய்த தப்பு இது. என் முதல் முகாமில் பிரஷர் அதிகமாக இருந்த எல்லோருக்கும் ஒரு மாத மாத்திரை கொடுத்துவிட்டு, பெரிய சாதனை செய்த திருப்தியோடு விமானம் ஏறினோம். அடுத்த வருடம் போனபோது ஒரு பெரியவர் அந்தக் காலி அட்டையைப் பத்திரமாக மடித்து எடுத்து வந்து, "இது எப்பம்மா திரும்ப வரும்?" என்று கேட்டார். பதினோரு மாதம் மாத்திரையே இல்லாமல் எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். அரசு மருத்துவமனையில் அதே மாத்திரை கிடைத்திருக்கும், ஆனால் அங்கே போங்கள் என்று நாங்கள் ஒரு சீட்டு கூட எழுதிக் கொடுக்கவில்லை.

இப்போது எங்கள் முறை வேறு. வெயிலில் வரிசையில் நின்று வந்தவரை ஐந்து நிமிடமாவது உட்கார வைத்த பிறகுதான் பிரஷர் பார்ப்போம். 140/90க்கு மேல் வந்தாலும் ஒரே ஒரு தடவை பார்த்ததை வைத்து 'உங்களுக்கு பிரஷர் நோய்' என்று முத்திரை குத்துவதில்லை, வேறொரு நாள் உள்ளூர் செவிலியர் மறுபடி பார்ப்பார். பெயர், அளவு, தொலைபேசி எண் எல்லாம் உள்ளூர் சுகாதார நிலையத்தின் பதிவேட்டில்தான் ஏறும், எங்கள் லேப்டாப்பில் இல்லை. ஒரு நாளைக்கு நூறு பேரைக்கூடப் பார்க்க முடிவதில்லை. பரவாயில்லை.

கண் முகாம் நடத்த ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

கண்ணாடியிலிருந்து. நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்துப் பார்வை மங்குகிறவர்களுக்குப் படிப்புக் கண்ணாடி கொடுத்தால் அன்றைக்கே ஊசியில் நூல் கோர்க்கிறார்கள், இதைவிட உடனடிப் பலன் தருவது வேறு அதிகம் இல்லை. கண்புரை அறுவை சிகிச்சை என்றால் மட்டும், மறுநாள் கட்டைப் பிரித்துப் பார்க்கவும், வாரங்கள் கழித்து கண் சிவந்தால் ஓடிப்போய்க் காட்டவும் ஒரு உள்ளூர் மருத்துவமனை பொறுப்பேற்றிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கத்தியை எடுக்காதீர்கள்.

நான் இரண்டாம் ஆண்டு மருத்துவ மாணவி. அங்கே போனால் தையல் போடவெல்லாம் விடுவார்களாமே?

விடுவார்கள், அதுதான் பிரச்சினை. உங்கள் கல்லூரி மருத்துவமனையில் எதைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லையோ, அதை அங்கேயும் செய்யாதீர்கள் தங்கச்சி. ஏழை என்பதற்காக ஒருவரின் கை உங்கள் பயிற்சிப் பலகை ஆகிவிடாது. கிளம்பும் முன் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி முழுதாகப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்கள் கையில் குத்திவிட்டால் எச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்று போன முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பதிவு பெற்ற டாக்டர் நான். ஒரு வாரத்துக்கு அங்கேயும் பதிவு தேவையா?

தேவை. சொந்த மண் என்பது உரிமம் ஆகாது. அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலிடம் தற்காலிகப் பதிவு பற்றி மாதக்கணக்கில் முன்பே கேளுங்கள், உங்கள் காப்பீடு அங்கே செல்லுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

எங்கள் மருத்துவமனை ஒரு பழைய ஸ்கேன் மெஷினை இலவசமாகத் தருகிறது...

அதை ரிப்பேர் பார்க்க அங்கே ஆள் இருக்கிறாரா, உதிரி பாகம் கிடைக்குமா, மின்சாரம் 110 வோல்ட்டா 230 வோல்ட்டா? மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் அதன் மேல் துணி போர்த்தி மூலையில் வைப்பார்கள். அப்படிப் போர்த்தி வைத்ததை நிறையப் பார்த்துவிட்டேன்.

என் பிள்ளைகளுக்கு 16, 17 வயது. விடுமுறையில் இரண்டு வாரம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சேவை செய்ய அனுப்பலாமா?

மனசு நல்லதுதான், ஆனாலும் வேண்டாம். ஒட்டிக்கொண்டு பழகுகிற குழந்தையை விட்டுவிட்டு பதினைந்தாம் நாள் கிளம்பிவிடுவார்கள். அடுத்த மாதம் வேறு இருவர் வந்து அதையே செய்வார்கள். வெளிநாட்டுப் பார்வையாளரும் பணமும் வருகிறது என்பதற்காகவே, பெற்றோர் இருக்கிற பிள்ளைகளை இல்லங்களில் சேர்த்த கதைகள் பல நாடுகளில் வெளியே வந்திருக்கின்றன. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே இந்த வகைத் தொண்டுப் பயணங்களின் தீங்கைக் குறிப்பிட்டது. அதற்குப் பதில் தங்கள் வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து ஏதாவது செய்யட்டும், விளையாட்டோ, ஒரு குறும்படமோ.

ஆன்லைன் வகுப்பு தொடங்கினோம். மூன்று மாதத்தில் ஆளே இல்லை. ஏன்?

எங்களுடைய படுத்த திட்டமும் இதுதான். பாடத்தை நாங்கள் தீர்மானித்தோம், நேரத்தை எங்கள் சனிக்கிழமைக்கு ஏற்ப வைத்தோம், அங்கே அப்போது இரவு பத்தரை. சொல்லிக் கொடுக்கிறவர் வாராவாரம் மாறினார். பிள்ளைகள் மேல் பழி போட்டு ஒரு கூட்டம்கூட நடத்தினோம், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஓடுகிற திட்டத்தில் ஒரு இளைஞருக்கு ஒரே வழிகாட்டி, ஒரு வருடம் முழுக்க, வாரம் நாற்பது நிமிடம். விண்ணப்பம் எழுதுவது, நேர்முகத் தேர்வுக்குத் தயாராவது என்று அவர்கள் கேட்டதை மட்டும் செய்கிறோம். எந்த அழைப்பிலும் உள்ளூர் ஒருங்கிணைப்பாளரும் இருப்பார், தனிப்பட்ட சாட் கிடையாது, பணம் கொடுக்கல் வாங்கல் கிடையாது. இந்த விதிகளைக் கேட்டு முகம் சுளித்த பெரிய மனிதர்கள் உண்டு. அவர்களைச் சேர்க்கவில்லை.

நான் வெறும் கணக்காளர். மருத்துவமும் தெரியாது, பாடமும் நடத்தத் தெரியாது. எனக்கு ஏதாவது வேலை இருக்குமா?

ஐயா, உங்களைத்தான் பதினோரு முகாமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். போன வருட ரசீதெல்லாம் ஒரு பையில் போட்டு என் அலமாரியில் இருக்கிறது.