கணவர் டல்லாஸில், நான் மடிப்பாக்கத்தில்: ஜாயின்ட் ரிட்டர்னில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சம்பளம் வருஷத்துக்கு 11 லட்சம். எஃப்.டி. வட்டி ஒரு லட்சம் வரும். பி.பி.எஃப்.பில் 8 லட்சம் இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி.யும் போகிறது. கணவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், டல்லாஸில் 95,000 டாலர் சம்பளம். எனக்கு இன்னும் விசா வரவில்லை. "2025க்கு ஜாயின்ட் ரிட்டர்ன் போட்டால் நிறைய மிச்சமாகும், கையெழுத்துப் போட்டு பாஸ்போர்ட்டையும் அனுப்பு" என்கிறார். அனுப்பலாமா? இங்கே எனக்கு ஏதாவது சிக்கல் வருமா?
- பெயர் வேண்டாம், சென்னை-91

பதில்: பாஸ்போர்ட்டை அனுப்பாதீர்கள். கையெழுத்துப் போடலாம், ஆனால் அதற்கு முன் உங்கள் மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மிச்சமாகும் என்று உங்கள் கணவர் சொல்வது உண்மைதான். 2025க்குத் தனி ரிட்டர்ன் என்றால் அவருக்கு நிலையான கழிவு 15,750 டாலர். வரி 12,349 டாலர் வரும். ஜாயின்ட் என்றால் கழிவு 31,500, வரி விகித அடுக்குகளும் அகலம். அவருடைய சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் வரி 7,143 டாலராக இறங்குகிறது. வித்தியாசம் 5,206 டாலர். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் கணக்கு இதோடு முடிகிறது. நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா என்றால் அதைத் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தச் சலுகைக்கு ஒரு விலை உண்டு. அமெரிக்கச் சட்டப்படி நீங்கள் வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவர். ஜாயின்ட் ரிட்டர்ன் போட வேண்டுமானால், 2025 முழுக்க உங்களை அமெரிக்கவாசியாகவே நடத்தும்படி இருவரும் எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கையை ரிட்டர்னோடு இணைக்க வேண்டும். அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 6013(g) பிரிவு இந்தத் தேர்வுக்கு இடம் தருகிறது. அந்த நிமிஷத்திலிருந்து உங்கள் இந்திய வருமானம் ஒவ்வொரு ரூபாயும் அந்த ரிட்டர்னில் ஏற வேண்டும். இங்கே வரி இல்லாத பி.பி.எஃப். வட்டிக்கும் அங்கே விலக்கு இல்லை.

சம்பளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இங்கே கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் புதிய வரி முறையில் 2025 ஏப்ரல் முதல் உங்கள் அளவு வருமானத்துக்கு இந்தியாவில் வரியே வராது. கட்டாத வரியை எங்கிருந்து கழிப்பது? ஆகவே ஃபார்ம் 2555 மூலம் வெளிநாட்டுச் சம்பள விலக்கு கேளுங்கள். 2025க்கு உச்சவரம்பு 1,30,000 டாலர். உங்கள் சம்பளம் டாலருக்கு 87 ரூபாய் என வைத்தால் சுமார் 12,600 டாலர்தான். நிபந்தனை: தொடர்ச்சியான 12 மாதத்தில் 330 முழு நாட்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். விசிட்டர் விசாவில் போய் இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்திருந்தால், நாட்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கேட்க வேண்டும். எஃப்.டி. வட்டிக்கும் பி.பி.எஃப். வட்டிக்கும் (8 லட்சத்துக்கு 7.1 சதவீதம்) இந்த விலக்கு கிடையாது. இரண்டும் சேர்ந்து சுமார் 1,800 டாலர். 12 சதவீதத்தில் வரி 216 டாலர். போகட்டும்.

இடிக்கும் இடம் மியூச்சுவல் ஃபண்ட். இந்திய ஃபண்டுகளை அமெரிக்க வரித் துறை 'பி.எஃப்.ஐ.சி.' என்ற வகையில் வைத்திருக்கிறது. ஜாயின்ட் ரிட்டர்னில் வருஷக் கடைசி நாளில் அவற்றின் மொத்த மதிப்பு 50,000 டாலருக்குள், அதாவது ஏறக்குறைய 43 லட்சத்துக்குள் இருந்து, எதையும் விற்காமலும் பெரிய டிவிடெண்ட் வாங்காமலும் இருந்தால் பிரச்சினை இல்லை. விற்றிருந்தால் ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனி ஃபார்ம் 8621. லாபத்துக்குச் சாதாரண மூலதன ஆதாய விகிதம் கிடைக்காது. அமெரிக்கவாசியாக வைத்திருந்த முந்தைய வருஷங்களின் பங்குக்கு உச்ச விகிதத்தில் வரியும் அதன்மேல் வட்டியும் விழும். ரெகுலர் பிளானிலிருந்து டைரக்டுக்கு மாற்றுவதும், ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு 'ஸ்விட்ச்' செய்வதும் விற்பனைதான். இன்னொன்று: நீங்கள் முடிவெடுப்பது 2026இல் என்றாலும் தேர்வு 2025 ஜனவரி 1 முதல் செல்லும். அதனால் ஃபண்டுகளின் கணக்கைப் பராமரிக்கும் கேம்ஸ் நிறுவனம் அனுப்பும் கன்சாலிடேட்டட் ஸ்டேட்மென்ட்டை அந்த வருஷம் முழுவதற்கும் எடுத்து, 'ரிடெம்ப்ஷன்' (விற்றது), 'ஸ்விட்ச் அவுட்' என்ற பதிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், மதிப்பும் மேலே சொன்ன வரம்புக்குள் இருந்தால், ஜாயின்ட் உங்களுக்கு லாபம். இருந்தால், அங்குள்ள ஆடிட்டர் ஃபார்ம் 8621க்கு எவ்வளவு கேட்கிறார் என்று விசாரித்த பிறகு பேசுங்கள்.

இந்தத் தேர்வு ஒரு வருஷத்தோடு முடியாது. நீங்கள் ரத்து செய்யும்வரை அடுத்தடுத்த வருஷங்களுக்கும் தொடரும். ரத்து செய்துவிட்டால் நீங்கள் இருவரும் மறுபடி அதை எடுக்கவே முடியாது. ஜாயின்ட் ரிட்டர்னில் வரும் பாக்கிக்கு இருவரும் முழுப் பொறுப்பு என்பதால், கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். தயக்கம் இருந்தால் இந்த முறை அவர் தனி ரிட்டர்ன் போடட்டும், உங்கள் வரி எண்ணுக்கான இடத்தில் 'என்.ஆர்.ஏ.' (அமெரிக்கவாசி அல்லாத வெளிநாட்டவர்) என்று எழுதி. மூன்று வருஷத்துக்குள் ஃபார்ம் 1040-எக்ஸ் என்ற திருத்த ரிட்டர்ன் போட்டு ஜாயின்டாக மாற்றிக்கொள்ளலாம். கெடு தேதி தாண்டிய பிறகு ஜாயின்டைத் தனியாக மாற்ற வழியில்லை.

இனி பாஸ்போர்ட். உங்களுக்கு ஐ.டி.ஐ.என். என்ற வரி எண் வேண்டும். அதற்கு ஃபார்ம் டபிள்யூ-7. அதில் அமெரிக்கரின் வாழ்க்கைத் துணை என்ற 'e' கட்டத்தில் டிக் செய்யுங்கள். ஹைகோர்ட் வாசலில் வாங்கும் நோட்டரி முத்திரை இதற்குச் செல்லாது. ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித் துறை) அங்கீகரித்த சான்றளிப்பு ஏஜென்ட்டுகள் பட்டியல் அதன் இணையதளத்தில் நாடு வாரியாக இருக்கிறது. ஏஜென்ட் ஒரிஜினலைப் பார்த்துவிட்டு உங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிட்டு, சான்றை மட்டும் இணைப்பார். விசா நேர்காணல் எப்போது வரும் என்று தெரியாத நேரத்தில் பாஸ்போர்ட்டைக் கடல் தாண்டி அனுப்புவது வேண்டாத வேலை.

நம் ஊரில் அடிக்கடி சறுக்குவது பெயரில். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக இருக்கும். கணவர் ரிட்டர்னில் தன் பெயரைப் பின்னால் சேர்த்து எழுதிவிடுவார். பாஸ்போர்ட், டபிள்யூ-7, ரிட்டர்ன் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ரிட்டர்னில் உங்கள் எண்ணுக்கான இடத்தை வெறுமையாக விடுங்கள். முதல் தடவை காகித ரிட்டர்ன்தான். டபிள்யூ-7ஐ மேலே வைத்து டெக்சாஸ் ஆஸ்டினில் உள்ள ஐ.டி.ஐ.என். பிரிவுக்கே போக வேண்டும், வழக்கமான முகவரிக்கு அல்ல. எண் வர 9 முதல் 11 வாரம் ஆகலாம். ஏப்ரல் 15க்குள் முடியாது என்று தெரிந்தால் ஃபார்ம் 4868 போட்டு அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்கலாம். வரி கட்டும் கெடு மட்டும் நகராது.

உங்கள் ஃபார்ம் 16 ஏப்ரல்-மார்ச் கணக்கு, அங்கே ஜனவரி-டிசம்பர். 12 மாத பே-ஸ்லிப்பையும் வங்கியின் வட்டி விவரத்தையும் மாத வாரியாக எடுத்து வையுங்கள்.

இந்தியாவில் கணவன் மனைவிக்குக் கூட்டு ரிட்டர்ன் என்பதே கிடையாது. நீங்கள் எப்போதும்போல் தனியாக ஜூலை 31க்குள் போடுவீர்கள். அமெரிக்கத் தேர்வு இதை மாற்றாது. ஆனால் ரீஃபண்ட் வரும் சமயம் "உன் பெயரையும் என் டல்லாஸ் அக்கவுண்ட்டில் சேர்க்கிறேன்" என்று கணவர் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சேர்த்துவிட்டால் ஐ.டி.ஆர்.-1 உங்களுக்குப் பொருந்தாது, ஐ.டி.ஆர்.-2இல் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்தக் கணக்கைக் காட்டியாக வேண்டும்.