வாசகர் கேள்வி – பதில்: மரத்தை வரைவதும் மரத்தால் பேசுவதும்

மாணவர் ஓவியத்தில் மரம் உருவகமாக வருவதைப் பற்றி இம்மாதம் வந்த கடிதங்களில் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். செட்டிநாட்டுப் பள்ளிகளில் நெடுங்காலம் ஓவிய ஆசிரியராக இருந்த அனுபவத்தில் சொல்பவை இவை.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம், மரத்தை உருவகமாகக் கொண்டு ஒரு படம் வரையச் சொன்னேன். நாற்பது தாள்கள் வந்தன. பெரும்பாலானவற்றில் பாதி பச்சை, பாதி பட்டமரம். மற்றவற்றில் உள்ளங்கையில் முளைத்த மரம், அல்லது இலைதோறும் 'அன்பு', 'உண்மை' என்று எழுதிய மரம். பிள்ளைகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நான் எங்கே தவறினேன்?
– ஓவிய ஆசிரியை, காரைக்குடி

பிள்ளைகள்மேல் தவறில்லை, உங்கள்மேலும் பெரிய தவறில்லை, அம்மா. 'மரம்' என்று பொதுவாகச் சொன்னதும், அவர்கள் தாங்கள் கண்ணால் கண்ட மரத்தை விட்டுவிட்டுக் காலண்டரிலும் சுவரொட்டியிலும் பார்த்த மரத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்த மரத்துக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆகவே அது சொல்வதற்கும் ஒன்றும் இல்லை. இலையில் 'உண்மை' என்று எழுதிய பிள்ளையிடம், இலையுதிர்கிற காலத்தில் உண்மையும் உதிர்ந்துவிடுமா என்று கேட்டுப் பாருங்கள். கேலியாக அல்ல, பதிலை எதிர்பார்த்தே கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் பிள்ளை முதன்முறையாக இலையைப் பார்க்கும்.

நம் புலவர்கள் உவமைக்குப் பொதுமரத்தை எடுக்கவில்லை. குறுந்தொகையின் 18-ஆம் பாட்டில் கபிலர் காட்டுவது பலா. தலைவனுடைய மலையில் பலா வேரிலேயே காய்த்து, மூங்கில் வேலிக்குள் பத்திரமாக இருக்கிறது. தலைவியின் நிலையோ 'சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கியாங்கு', அதாவது சின்னக் கொம்பில் பெரிய பழம் தொங்குவது போன்றது. இவள் உயிர் மிகச் சிறிது, இவளது காதலோ பெரிது என்று தோழி தலைவனிடம் சொல்கிறாள். இரண்டும் பலாதான், பழம் இருக்கும் இடம் மட்டுமே வேறு. அந்த வேறுபாட்டுக்குள் இருவருடைய நிலைமையும் அடங்கிவிட்டது. பலா எங்கெங்கே காய்க்கும், அதன் காம்பு எவ்வளவு பருமன், பழம் எவ்வளவு கனம் என்று நின்று பார்த்தவருக்குத்தான் இந்த வரி வாய்க்கும். ஆலங்குடி, வடகாடு பக்கத்து உறவுக்காரர் தோட்டங்களுக்குப் போய்வருகிற பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். குடும்பக் கடனைத் தனியாகச் சுமக்கும் ஓர் அக்காவை, முகமே வரையாமல், அந்தச் சிறு கொம்பாக வரைய அவர்களால் முடியும்.

என் மாணவன் ஒருவனுடைய படத்தைச் சொல்கிறேன். வெட்டுண்ட பனை ஒன்றை வரைந்து, அடிக்கட்டையில் வட்டம் வட்டமாக ஆண்டு வளையங்கள் போட்டு, நடு வளையத்துக்குள் தன் தாத்தாவின் முகத்தை வைத்திருந்தான். படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் பனைக்கு ஆண்டு வளையம் கிடையாது. மறுநாள், ஊருணிக்கரையில் அறுத்துப் போட்டிருந்த ஒரு பனந்துண்டின் முன்னால் அவனை உட்காரவைத்தேன். வெளிவட்டத்தில் கறுத்த நார்ப்புள்ளிகள் இடைவெளியின்றி நெருங்கியிருந்தன. உள்ளே போகப்போகப் புள்ளிகள் விலகி, நடுவில் வெளிறிய சோறு, அதாவது மெத்தென்ற உட்பகுதி மட்டும் இருந்தது, கட்டைவிரலால் அழுத்தியபோது குழி விழுந்தது. தொல்காப்பிய மரபியல் 'புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப' என்று சொல்வது இதைத்தான். வயிரம், அதாவது கெட்டியான பகுதி, வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். அந்தக் கணக்கில் பனை ஒரு புல். இதைச் சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவனுடைய தாத்தா தெருவே அஞ்சும் கடுகடுப்புக்காரர். பேரன் காய்ச்சலில் படுத்தால் இரவெல்லாம் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பவர். முகத்தை எடுத்துவிட்டு, கரித்துண்டால் புள்ளிகளை மட்டும் வைத்து, வெளியே நெருக்கமும் உள்ளே வெறுமையுமாக அவன் மறுபடியும் வரைந்த படம் இன்றும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை 'மரம்' என்ற சொல்லைத் தராதீர்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே நிற்கும் ஏதாவது ஒரு மரத்தைப் பெயரோடு தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அதன் பட்டையைத் தடவிப் பார்த்து, உதிர்ந்ததைப் பொறுக்கி, அதன் நிழலில் யார் யார் எந்த நேரத்தில் உட்காருகிறார்கள் என்று ஒரு வாரம் எழுதிவரட்டும். அதுவரை உருவகம் என்ற பேச்சே வேண்டாம்.

நான் பிளஸ் டூ மாணவன். எங்கள் ஐயாவின் (தாத்தாவின்) அப்பச்சி (அப்பா) பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போய், 1942-ல் போர் வந்தபோது நடந்தே ஊர் திரும்பியவர். அவர் கதையைச் சொல்ல, வேரோடு பிடுங்கப்பட்ட ஆலமரத்தை வரைந்து ஒரு போட்டிக்கு அனுப்பினேன். 'வேர் பழைய கருத்து' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார்கள். வேரை விட்டால் வேறு எதை வரைவது?
– மாணவர், பள்ளத்தூர்

தம்பி, ஒரு மாணவனின் உழைப்பை ஒரே வரியில் ஒதுக்கியது எனக்கும் வருத்தம்தான். பழையது என்பதால் வேர் கெட்டுப்போகவில்லை. வின்சென்ட் வான்கோ 1890 ஜூலையில் கடைசியாகத் தீட்டியது என்று கருதப்படும் படமே மரவேர்களைப் பற்றியதுதான். உன் படத்தில் நான் பார்க்கும் குறை வேறு. ஆல் என்றாலே விழுது. விழுது மண்ணைத் தொட்டுவிட்டால் அதுவே இன்னோர் அடிமரம் ஆகிவிடும். தாய்மரம் உளுத்துப்போனாலும் ஆல் நிற்கும். 'ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரோடி' என்று மணமக்களை நாம் வாழ்த்துவதும் அதனால்தான். ஆலை வரைந்துவிட்டு விழுதை மறந்தால், அது ஆலும் ஆகாது, உன் குடும்பக் கதையும் ஆகாது. நடந்தே திரும்பியவருக்குப் பிறகு ஐயா வந்தார், அப்பச்சி வந்தார், நீ வந்திருக்கிறாய். விழுது இறங்கித்தானே இருக்கிறது?

ஆனால் அவருக்கென்றே ஒரு மரம் உங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறது. பெரிய வீடுகளின் முகப்பிலும் பட்டாலை என்னும் கூடத்திலும் நிற்கும் பர்மாத் தேக்குத் தூணைச் சொல்கிறேன். மனிதர் கடல் தாண்டி அங்கே போனார். மரம் கடல் தாண்டி இங்கே வந்தது. காட்டில் யானை இழுத்து, ஆற்றில் மிதந்து, கப்பலேறி வந்த அந்த மரம், வேரும் கிளையும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நம் கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. மனிதர் நடந்தாவது வீடு திரும்பினார்; மரம் திரும்பவில்லை. கிளை என்ற சொல்லுக்குத் தமிழில் மரக்கொம்பு என்றும் சுற்றம் என்றும் இரண்டு பொருள் உண்டு என்பதையும் நினைத்துக்கொள். கிளையில்லாத மரத்தை நீ வரைந்தால், சுற்றத்தை விட்டுப்போய் வாழ்ந்ததை அது தானாகவே சொல்லிவிடும்.

வரைவதற்கு முன் தூணின் அருகே உட்கார்ந்து பார். குழந்தைகள் பிடித்துக்கொண்டு சுற்றிச்சுற்றி விளையாடும் உயரத்தில் மட்டும் அது கறுத்து வழுவழுப்பாக இருக்கும். அதற்கு மேலே ரேகைகள் தெளிவாகத் தெரியும். மெருகு ஏறிய அந்தப் பகுதியை நீ தாளில் கொண்டுவந்துவிட்டால் பாதிப் படம் முடிந்தது. இன்னொன்றும் சொல்கிறேன். தேக்கின் இளந்தளிரை விரலில் வைத்துக் கசக்கினால் விரல் சிவந்துபோகும். தளிர் கிடைத்தால், தூணின் அடியில், மண்ணைத் தொட்டிருக்க வேண்டிய இடத்தில், அந்தச் சாற்றையே தடவிப் பார். வேர் வரையாமலேயே வேர் வந்துவிடும்.

என் மகளுக்கு எட்டு வயது. எப்போது மரம் வரைந்தாலும் அடிமரத்தில் ஒரு கறுப்புப் பொந்து போடுகிறாள், இலையே போடுவதில்லை. மனத்தில் ஏதோ துயரம் இருப்பதன் அடையாளம் அது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.
– ஒரு தாய், கோட்டையூர்

தூங்குங்கள், அம்மா. மரம் வரையச் சொல்லி மனத்தை அறியும் ஒரு முறையைச் சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் கார்ல் கோக் 1949-ல் நூலாக வெளியிட்டார். பொந்துக்கும் கிளைக்கும் பொருள் சொல்லும் பழக்கம் அந்த வழியில் பரவியது. அந்த வாசிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதில் உளவியலாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. பயிற்சி பெற்றவர்கள்கூட ஒரு படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது. அக்கம்பக்கத்தார் சொல்லவே கூடாது. குழந்தையின் உறக்கமும் உணவும் பேச்சும் மாறியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். படம் எப்படி இருந்தாலும் பாருங்கள். அவை மாறவில்லை என்றால், பொந்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று அவளிடமே கேளுங்கள். இப்படிப் பொந்து போட்ட ஒரு சிறுமியிடம் நான் கேட்டபோது, 'கிளிக்குஞ்சு, சார். வெளிச்சம் பட்டா முழிச்சுக்கும், அதான் கறுப்பு அடிச்சேன்' என்றாள்.

நான் கவிதையும் எழுதுவேன், படமும் வரைவேன். மரப் படத்துக்குள் என் கவிதை வரிகளையும் எழுதிவைக்கிறேன். 'இரண்டில் ஒன்று போதும்' என்கிறார் பேராசிரியர். அவர் சொல்வது சரியா?
– கல்லூரி மாணவி, தேவகோட்டை

சொல்லும் படமும் ஒன்றையே சொன்னால் அவர் சொல்வது சரி. வெவ்வேறானதைச் சொன்னால் இரண்டும் வேண்டும். திருக்குறளில் இதற்கு நல்ல பயிற்சி இருக்கிறது. 216-ஆம் குறள், நல்லவரிடம் சேர்ந்த செல்வத்தை 'பயன்மரம் உள்ளூர்ப் பழுத்தற்றால்' என்கிறது. 1008-ஆம் குறள், யாரும் விரும்பாதவன் செல்வத்தை 'நடுவூருள் நச்சுமரம் பழுத்தற்று' என்கிறது. இரண்டும் ஊருக்குள் நிற்கும் மரங்கள்தாம், இரண்டும் பழுத்தவைதாம். மரத்தை மட்டும் வரைந்தால் எது எதுவென்று தெரியாது; நச்சுமரத்துக்கு ஊதா நிறமும் மண்டையோடும் போடுவது குழந்தைத்தனம்.

நான் வகுப்பில் தரையைப் பார்க்கச் சொல்வேன். பயன்மரத்தின் அடியில் புல் முளைக்க வழியில்லை. பல திசைகளிலிருந்து ஒற்றையடித் தடங்கள் வந்து கூடியிருக்கும், செம்மண் மிதிபட்டு இறுகியிருக்கும், யாரோ வைத்த தொரட்டி சாய்ந்திருக்கும், பிள்ளைகள் எறிந்த கல் அடிமரத்தில் பட்ட வடு இருக்கும். நச்சுமரத்தின் அடியில் புல் ஆள் காலே படாமல் வளர்ந்திருக்கும். விழுந்த பழம் விழுந்த இடத்திலேயே அழுகிக் கிடக்கும். இரண்டு படத்திலும் மரத்தை அச்சு மாறாமல் ஒரே மாதிரி வரையுங்கள், தரையை மட்டும் மாற்றுங்கள். அப்போது படத்தின் அடியில் குறளை எழுதினாலும் அது சுமையாக இராது, ஏனென்றால் தடத்தையும் தொரட்டியையும் குறள் சொல்லவில்லை, நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் சொந்தக் கவிதைக்கும் இதே சோதனையை வையுங்கள். நற்றிணையின் 172-ஆம் பாட்டில், சிறுமியர் வெண்மணலில் அழுத்தி விளையாடி மறந்துபோன புன்னை விதை முளைத்து மரமாகிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்த அந்த மரத்தைத் தாய், 'உன்னைவிடச் சிறந்தவள், உன் தமக்கை' என்கிறாள். தமக்கையின் நிழலில் காதலனோடு சிரித்துப் பேசத் தலைவி நாணுகிறாள். இதற்குப் படம் வரைபவர் மரத்துக்குப் பெண்முகம் வைத்தால் பாட்டு செத்துவிடும். மரத்திலிருந்து இரண்டடி தள்ளி நிற்கும் ஒரு பெண்ணின் முதுகு போதும்.

படத்தில் மரம் மரமாகவே தெரிய வேண்டுமா?
– மாணவர், புதுவயல்

வேண்டியதில்லை, ஆனால் மரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். டச்சு ஓவியர் பியட் மோந்திரியான் 1908-க்கும் 1912-க்கும் இடையே வரைந்த சிவப்பு மரம், சாம்பல் மரம், பூத்த ஆப்பிள் மரம் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதலாவதில் கிளைகள் முறுக்கித் திமிறுகின்றன. மூன்றாவதில் வளைகோடுகள் மட்டுமே மிஞ்சுகின்றன. முதல் படத்தில் அவ்வளவு கவனமாகக் கிளையைப் பார்த்தவர் என்பதால்தான் மூன்றாவதில் அவரால் கிளையை விட முடிந்தது.

சீமைக்கருவேலத்தை ஒரு அரக்கனாக வரைந்து, 'நிலத்தின் பகைவன்' என்று தலைப்பிடலாம் என்றிருக்கிறேன். உங்கள் யோசனை வேண்டும்.
– பத்தாம் வகுப்பு மாணவி, கண்டனூர்

கோபம் நியாயமானதுதான், அம்மா. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவரப்பட்ட அந்த மரம், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் கண்மாயையும் வரத்துக்காலையும் எப்படி அடைத்துக்கொண்டது என்று நீயே பார்க்கிறாய். ஆனால் அதே மாவட்டங்களில் மழை பொய்த்த ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது அந்த விறகில்தான். கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்களும் பல. அரக்கன் முகம் வைத்துவிட்டால் இந்த இரண்டாவது பாதிக்குப் படத்தில் இடமில்லாமல் போகும். யார் கொண்டுவந்தார்கள், யார் வெட்டாமல் விட்டார்கள் என்ற கேள்வியும் மறைந்துபோகும்.

அதன் கரியைக் கொண்டே அதை வரைந்து பார் என்பதுதான் என் யோசனை. காய்ந்த குச்சிகளைச் சுண்டுவிரல் பருமனில் நறுக்கி, ஒரு பழைய தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு மூடு. வீட்டுப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, டப்பாவை விறகடுப்புத் தணலில் வை. துளையிலிருந்து வரும் புகை நின்றதும் எடுத்து, டப்பா நன்றாக ஆறும்வரை திறக்காதே. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் கரி சாம்பலாகிவிடும். கெட்டியான மரம் என்பதால் அந்தக் கரி தாளைக் கொஞ்சம் கீறும். முள்ளை வரையும்போது அந்தக் கீறலைத் தேய்த்து அழித்துவிடாதே, அப்படியே இருக்கட்டும்.