காதில் கேட்கும் காடு

கேள்வி: காலை நடையின்போது கேட்க, இயற்கை, காட்டுயிர் பற்றி நல்ல பாட்காஸ்ட் சொல்லுங்களேன். ஆங்கிலம் என்றாலும் சரி, ஆனால் வகுப்பில் உட்கார்ந்த மாதிரி இருக்கக் கூடாது.

பதில்: முதலில் பிபிசி ரேடியோ 4-இன் ‘ட்வீட் ஆஃப் தி டே’. பெயரைப் பார்த்து ட்விட்டர் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், இது நிஜப் பறவையின் கீச்சு. ஒவ்வொன்றும் சுமார் 90 விநாடிதான், செருப்பு மாட்டும் நேரத்தில் ஒன்று முடிந்துவிடும். 2013 மே மாதம் தொடங்கியபோது முதலில் பேசியவர் இயற்கைப் படங்களுக்குப் பெயர்போன டேவிட் அட்டன்பரோ, பறவை ‘குக்கூ’. நம் ஊர்க் குயிலுக்கு உறவுதான். நம்முடையது காக்கைக் கூட்டில் முட்டையிடும், அது நாணல் கதிர்க்குருவியின் கூட்டைத் தேடிப் போகும், இரண்டிலும் உரக்கக் கூவுவது ஆண்தான் (நாம் என்னவோ பெண் குரல் என்றே பாட்டெழுதிக்கொண்டிருக்கிறோம்). பிரிட்டன் பறவைகளே அதிகம் என்பதுதான் குறை.

அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து வரும் ‘பேர்ட்நோட்’டும் இதே பாணி, இரண்டு நிமிடத்துக்குள் முடியும். நடை நீளமானால் ‘தி வைல்ட்’ கேளுங்கள். கரடி ஆய்வாளர் கிறிஸ் மார்கன் காட்டுக்குள் போய் மூச்சு வாங்கப் பேசுவார், எனக்கு அதுதான் பிடிக்கும். அப்புறம், ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், தெருவில் வண்டி வரும்.