கசடத × 4 = தடசக
வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழ்ப் புதிர்: கசடத என்பது ஒரு நான்கு இலக்க எண். அதை 4-ஆல் பெருக்கினால் அதே இலக்கங்கள் தலைகீழாக, தடசக என்று வரவேண்டும். வெவ்வேறு எழுத்துக்கு வெவ்வேறு இலக்கம். இதையொட்டி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் 1234-ல் தொடங்கி ஒவ்வொரு எண்ணாகப் பெருக்கிப் பார்த்துக் களைத்துவிட்டாள். இதற்கு ஒழுங்கான வழி உண்டா?

பதில்: உண்டு. நான்கு இலக்கமும் வேறுவேறாக உள்ள எண்கள் மொத்தம் 4,536. கண்மூடித்தனமாகப் போட்டுப் பார்த்தால் யாருக்கும் அலுக்கும். முதலில் இரண்டு ஓரங்களையும் பிடியுங்கள். நடுவைப் பிறகு பார்க்கலாம்.

விடையும் நான்கு இலக்கம்தான். அதனால் கசடத 2499-ஐத் தாண்ட முடியாது. 2500-ஐ நான்கால் பெருக்கினாலே 10,000 ஆகிவிடும். ஆக, க என்பது 1 அல்லது 2. விடையின் கடைசி இலக்கமும் க-தான். நான்கால் பெருக்கி வந்த எண் இரட்டைப்படையில்தான் முடியும் என்பதால் 1 கழிகிறது. க = 2.

இனி த. ஆயிரங்கள் இடத்தில் 4 × 2 = 8; கீழிருந்து ஏதாவது ஏறினால் 9. எனவே த என்பது 8 அல்லது 9. ஒன்றுகள் இடத்தில் 4 × த என்பது 2-ல் முடியவேண்டும். 4 × 9 = 36, ஒத்துவரவில்லை. 4 × 8 = 32, சரி. த = 8. இங்கே 2 எழுதி 3-ஐப் பத்துகள் இடத்துக்கு ஏற்றுகிறோம்.

பல பிள்ளைகள் கோட்டைவிடுவது அடுத்த படியில்தான். ஆயிரங்கள் இடத்தில் விடை சரியாக 8 வந்திருக்கிறது என்றால், நூறுகள் இடத்திலிருந்து எதுவுமே மேலே ஏறவில்லை என்று பொருள். அதாவது 4 × ச-வும் அதற்குக் கீழிருந்து ஏறியதும் சேர்ந்து 9-க்குள் அடங்கவேண்டும். அப்படியானால் ச என்பது 0, 1, 2 ஆகிய மூன்றில் ஒன்று. பத்துகள் இடத்தில் (4 × ட) + 3 என்பது ச-வில் முடிகிறது. இரட்டைப்படையோடு 3 சேர்ந்தால் ஒற்றைப்படை. மூன்றில் ஒற்றைப்படை 1 மட்டுமே. ச = 1.

(4 × ட) + 3 என்பது 1-ல் முடியவேண்டுமானால் 4 × ட என்பது 8-ல் முடியவேண்டும். ட என்பது 2 அல்லது 7. சோதித்துப் பார்க்கும் வேலை இங்கேதான் வருகிறது, அதுவும் இரண்டே தடவை. ட = 2 என்றால் 8 + 3 = 11, 1 ஏறும்; நூறுகள் இடத்தில் 4 + 1 = 5. அங்கே 2 அல்லவா வரவேண்டும்? கழிந்தது. ட = 7 என்றால் 28 + 3 = 31, 3 ஏறும்; 4 + 3 = 7. பொருந்துகிறது. 2178 × 4 = 8712.

கேள்வி: க ஏற்கெனவே 2 என்பதால் ட = 2 தானாகவே கழிந்துவிடுமே. ஏறும் எண்ணைப் பார்த்து நேரத்தை வீணாக்குவானேன்?

பதில்: விதிப்படி நீங்கள் சொல்வது சரி, தேர்வில் அதுவே போதும். ஆனால் ஏறும் எண் வழியாகவும் 2 விழுகிறது என்பதால், ‘வெவ்வேறு இலக்கம்’ என்ற நிபந்தனையை எடுத்துவிட்டாலும் விடை மாறாது. நிபந்தனை தேவையா, அலங்காரமா என்று தெரிந்துகொள்வது புதிர் அமைப்பவருக்குப் பயன்படும்.

கேள்வி: என் மாணவர்கள் பாதி வழியில் எதைச் சோதித்தோம், எதைக் கழித்தோம் என்பதையே மறந்துவிடுகிறார்கள்.

பதில்: எண்களைப் பக்கவாட்டில் எழுதாமல் பெருக்கல் கணக்காக மேலும் கீழுமாக எழுதச் சொல்லுங்கள். மேலே ஒரு வரியை ஏறும் எண்களுக்கென்றே விடவேண்டும். உறுதியானதைப் பேனாவிலும், சோதனைக்கு எடுத்ததைப் பென்சிலிலும் எழுதட்டும். ஒரு மதிப்பு கழியும்போது வெறுமனே அழிக்காமல், ஓரத்தில் ‘ட = 2: 5 வருகிறது, 2 வரவில்லை’ என்று காரணத்தைக் குறித்தால் அதையே இன்னொருமுறை சோதிக்கமாட்டார்கள்.

கேள்வி: ஏன் 4? வேறு எண்ணால் பெருக்கினால் இப்படித் திரும்பாதா?

பதில்: 9-ஆல் பெருக்கினால் திரும்பும்: 1089 × 9 = 9801. மற்ற எதற்கும் திரும்பாது. அதையும் ஓரங்களே சொல்லிவிடும். 5, 6, 7, 8 ஆகியவற்றுக்கு க கட்டாயம் 1. ஐந்தின் மடங்கு 0 அல்லது 5-ல்தான் முடியும். ஆறு, எட்டின் மடங்குகள் இரட்டைப்படை. எதுவும் 1-ல் முடியாது. ஏழுக்கு 7 × 3 = 21 மட்டுமே 1-ல் முடியும், ஆனால் த குறைந்தது 7 ஆக இருக்கவேண்டும். 2, 3 இரண்டையும் இதே முறையில் நீங்களே கழித்துவிடலாம்.

ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஜி. எச். ஹார்டி, 1940-ல் வெளிவந்த தம் நூலில் இந்த 8712, 9801 இரண்டையும் குறிப்பிடுகிறார். புதிர்ப் பகுதிக்குத்தான் இவை லாயக்கு, கணித அறிஞரைக் கவர இவற்றில் ஒன்றுமில்லை என்பது அவர் கருத்து. புதிர்ப் பகுதி நடத்தும் எங்களுக்கு இது போதும்.

கேள்வி: வேறொரு புதிர் பற்றி: 1 முதல் 9 வரையுள்ள எண்களை, கிடையாகவோ நெடுக்காகவோ மூலைக்கு மூலையோ எப்படிக் கூட்டினாலும் ஒரே தொகை வரும்படி நிரப்பும் 3 × 3 மாயச் சதுரத்தில் நடுக்கட்டத்தில் 5 வரவேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஏன்?

பதில்: 1 முதல் 9 வரை கூட்டினால் 45, மூன்று வரிசை என்பதால் ஒரு வரிசைக்கு 15. நடுக்கட்டத்தின் வழியே நான்கு கோடுகள் போகின்றன. அவற்றின் கூட்டுத்தொகை 60. அதில் ஒவ்வொரு எண்ணும் ஒருமுறையும், நடு எண் மட்டும் நான்குமுறையும் வரும். கூடுதலாக வந்த மூன்றுமுறைதான் 60 − 45 = 15. ஆக, நடு எண் 5.

கேள்வி: மீண்டும் 2178-க்கு வருவோம். பெருக்கினால் தலைகீழாகத் திரும்பும் எண் ஐந்து இலக்கத்தில் உண்டா?

பதில்: 2178-ன் நடுவில் ஒரு 9-ஐச் செருகுங்கள்: 21978 × 4 = 87912. கீழிருந்து 3 ஏறி வருகிறது; 4 × 9 = 36, அதோடு 3 சேர்ந்து 39; 9 எழுதி மறுபடி 3 மேலே ஏறுகிறது. வந்த 3 அப்படியே போய்விடுவதால் மற்ற இலக்கங்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. எத்தனை 9 செருகினாலும் இதே கதைதான். 1089-க்கும் இது பொருந்தும், அங்கே ஏறி வருவதும் போவதும் 8: 10989 × 9 = 98901.